மூக்குக்கண்ணாடிகள் இருந்த பீரோ

அந்துருண்டை வாசம் எங்கே வந்தாலும், கல்யாண வீட்டில் யாராவது பெட்டியிலிருந்து எடுத்து உதறும் பட்டுப்புடவையிலிருந்து வந்தாலும், எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது துணி அல்ல, மூக்குக்கண்ணாடிகள்தான். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த குடோன் ஒன்றில் நாங்கள் போய்வந்த ஜெபக்கூடம் நடந்தது. தகரக்கூரை, நீல நிறத் தார்ப்பாய் விரித்த தரை, சுற்றிலும் இரைந்து ஓடும் நான்கு மின்விசிறிகள், மேடைக்கு இடப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு இரும்பு பீரோ. சுகம் பெற்றவர்கள் இனி வேண்டாம் என்று விட்டுப்போன பொருள்களை அதில் வைத்திருந்தார்கள்: இரண்டு ஊன்றுகோல்கள், ஒரு இடுப்புப் பட்டை, ஒரு காது மெஷின், மற்றபடி மூன்று தட்டு நிறைய மூக்குக்கண்ணாடிகள். பூச்சி வராமலிருக்க யாரோ புண்ணியவான் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு அந்துருண்டை போட்டிருந்தார். இரும்பையும் கண்ணாடியையும் எந்தப் பூச்சி வந்து தின்னப்போகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவது தட்டில் இருந்த தடித்த பழுப்புநிறச் சட்டம் போட்ட கண்ணாடி என் அப்பாவுடையது. அதன் பக்கத்திலேயே பாதி மீதியிருந்த ஒரு சொட்டுமருந்துக் குப்பியும் இருந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போய் "இது எங்க அப்பாவோடது" என்று விரலை வைத்துக் காட்டுவதில் எனக்கு இருந்த பெருமை, வகுப்பில் முதல் ரேங்க் வாங்கினால்கூட வந்திருக்காது.

அப்பாவின் பெயர் பாண்டியன். கப்பலூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி வளைக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டினார். அம்மா சோழவந்தான் பக்கத்துக்காரர், தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். அப்பா கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு அதோடு விட்டவர், கிறிஸ்துமஸுக்கு மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு வருவார். அவருக்கு நாற்பது வயதில் பார்வை மங்கியது. கண்ணாஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஓரப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் சொட்டுமருந்து விட வேண்டும் என்று சொன்னார்கள். பவர் கூடிய கண்ணாடியும் எழுதிக் கொடுத்தார்கள். மெஷின் ஓட்டுகிற மனிதனுக்கு இதைவிடப் பயங்கரமான சேதி வேறு என்ன இருக்க முடியும். கூட வேலை பார்த்த ஒருவர் அவரைத் தெப்பக்குளத்துக் கூடத்துக்கு அழைத்துப் போனார். நாலாவது ஞாயிறு பாஸ்டர் அவர் தலையில் கைவைத்து ஜெபித்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, எதிரே தொங்கிய பேனரை வாசிக்கச் சொன்னார். அப்பா வாசித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்த பேனர் மூன்று வாரமாக அதே இடத்தில்தான் தொங்கியது, அதிலிருந்த வாக்கியம் அப்பாவுக்கு மனப்பாடம். ஆனால் அன்று அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். வேண்டும் வேண்டும் என்று தவித்த மனது எழுத்துகளைக் காட்டியிருக்கும். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார், என்னைத் தூக்கிச் சுற்றினார், அன்றோடு சொட்டுமருந்தையும் நிறுத்தினார். நாலாவது நாள் காலையில் தேதி கிழிக்கும் காலண்டர் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, "தாயி, இன்னைக்கு என்ன தேதி?" என்று என்னைக் கேட்டார்.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை, தோளில் கைபோட்டு ஆறுதலாகவே பேசினார் என்று அப்பா சொன்னார். பார்வை வந்துவிட்டது என்று முதலில் வாயால் "அறிக்கை பண்ணணும்", பார்வை பின்னால் வரும். தெரியவில்லை என்று ஒருதரம் சொன்னாலும் அது "அவிசுவாசம்", கிடைத்த சுகமும் போய்விடும். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கண்ணைப் பற்றிப் பேசக்கூடாது. மொபெட்டை விற்றுவிட்டார்; கேட்டவர்களிடம் "பஸ்ஸுல போனா ஜெபிச்சுக்கிட்டே போகலாம்ல" என்றார். அந்தப் பஸ்ஸின் எண்ணையும் பக்கத்தில் நின்றவர்களிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அம்மா ஒரே ஒருமுறை வாயைத் திறந்தார். "மண்ணக் கொழச்சுக் கண்ணுல பூசி, போய்க் கழுவிட்டு வான்னுதானே ஏசு சொன்னாரு. சொட்டு மருந்த மட்டும் போடாதேன்னா சொன்னாரு?" என்றார். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். நானும் அம்மாவை முறைத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அந்த பீரோவின் இரண்டாவது தட்டு முக்கியமாக இருந்தது.

மாதம் ஒருமுறை அப்பாவைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைப்பார்கள். சும்மா சொன்னால் போதாது, வேதத்தை விரித்து வாசித்துக் காட்ட வேண்டும். எப்போதும் ஒரே பகுதிதான்: பிறவிக் குருடன் பார்வை பெற்ற கதை. சனிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளிச் சீருடைகூட மாற்றாமல் உட்கார்ந்து வரி வரியாக வாசிப்பேன், அப்பா திருப்பிச் சொல்வார். எந்த இடத்தில் பக்கம் புரட்ட வேண்டும் என்பதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. முன்வரிசையில் உட்கார்ந்து நான் இருமுவேன். "பாப்பாவுக்குச் சளி விடவே மாட்டேங்குது" என்று ஒரு பாட்டி எனக்காகத் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். அந்தக் குருடன், தனக்கு ஒன்று மட்டும் தெரியும், குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன் என்று சொல்லும் இடம் வந்ததும் அப்பா புத்தகத்தை மூடுவார், கூடம் "ஸ்தோத்திரம்" என்று அதிரும். அதற்குமேல் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் இருவரும் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. எங்களுக்கு வேண்டியது அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

அப்பாவின் பிரஸ்ஸில் எதிர்ப்பக்கம் நின்று வேலை பார்த்தவர் சரோஜா அக்கா. அப்பா தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதிப்பார், மேலிருந்து இறங்கும் அச்சு வெட்டிவிட்டு எழும்பும், சரோஜா அக்கா பக்கவாட்டிலிருந்து கைவிட்டு வெட்டுப்பட்ட துண்டை எடுப்பார், கை வெளியே வந்ததும் அப்பா மறுபடி மிதிப்பார். அந்த இரைச்சலில் வாயால் சொல்லிக்கொள்ள முடியாது. மிதிப்பவர் எடுப்பவரின் கையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் முறை. எட்டு வருஷமாக அவர்கள் இருவரும் அப்படித்தான் வேலை பார்த்தார்கள். ஒருநாள் ஒரு துண்டு அச்சில் சிக்கிக்கொண்டது. சரோஜா அக்கா சாம்பல்நிறக் கையுறை போட்ட கையை இரண்டாம் முறையாக உள்ளே விட்டார். அப்பா மிதித்தார்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. அப்பா அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து குளித்தார், திரும்பத் திரும்பக் குளித்தார். அம்மா கேட்டதற்கு, "அது கைய உள்ள விட்டுருச்சு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் கம்பெனியில் ஒரு காகிதம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுவிட்டு வந்தார்.

பத்து நாள் கழித்து அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு சரோஜா அக்காவைப் பார்க்கப் போனார். தோப்பூர்ப் பக்கம் ஓட்டு வீடு, புருஷன் விட்டுப்போன பொம்பளை, ஒரு மகள். கை முழுக்கத் துணிக்கட்டு. இடது கையால் எங்களுக்கு டம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தார், பாதி சிந்தியது. எங்களைக் கண்டதும் அவர்தான் மன்னிப்புக் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"அண்ணே மேல ஒரு தப்பும் இல்ல மதினி. அவருதான் சாமி புண்ணியத்துல கண்ணு நல்லாத் தெரியற மனுசனாச்சே. பாத்துத்தான் மிதிச்சிருப்பாரு. நான் எங்கேயோ ஞாபகத்துல கைய விட்டுட்டேன் போல" என்றார். பிறகு பானைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "கம்பெனில குடுத்தாங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ நல்லா வாசிப்பியாம்ல தாயி, அண்ணே சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப்போவாரு."

நான் சத்தமாக வாசித்தேன். கையை எடுக்கும்படி எச்சரித்தும் தொழிலாளி சரோஜா எடுக்கவில்லை, கவனக்குறைவு அவருடையதே, ஆகவே கம்பெனி எதற்கும் பொறுப்பல்ல, இன்று முதல் அவருக்கு வேலை இல்லை. கீழே, நேரில் பார்த்த சாட்சி என்ற இடத்தில் அப்பாவின் கையெழுத்து, கோட்டுக்கு மேலே ஏறிக் கோணலாக. அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா அதை வாசிக்காமல் போட்டிருக்கிறார், கண் தெரிகிற மனிதர் அடுத்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல முடியாது. சரோஜா அக்கா இடது கையால் காகிதத்தை வாங்கி மறுபடி பானைக்கு அடியில் வைத்துவிட்டு, "அண்ணே பாத்துருக்காருன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா என் கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் முன்னால் போய் நின்று காகிதத்தில் இருந்ததைச் சொன்னார். அப்புறம், "நீங்க கண்ணு தெரியுதுன்னு சொல்ற வரைக்கும் அந்தப் புள்ளதான் குருடியா இருக்கணும். இருக்கட்டும்னு விட்டுருவீங்களா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் சாட்சி ஞாயிறு. அப்பா அசையாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் வழக்கம்போல வேதத்தை எடுத்து விரித்து வாசிக்க ஆரம்பித்தேன். அவர் திருப்பிச் சொல்லவில்லை. வழக்கமாக மூடும் இடம் வந்தது. மூடு என்று அவரும் சொல்லவில்லை, நிறுத்தினால் அந்த வீட்டின் அமைதியை என்னால் தாங்க முடியாது என்பதால் நானும் வாசித்துக்கொண்டே போனேன். அப்படித்தான் அந்த அதிகாரத்தின் கடைசிக்கு நாங்கள் முதன்முதலாகப் போனோம். அங்கே, எல்லாம் தெரிந்த பெரிய மனிதர்கள் சிலர், நாங்களுமா குருடர் என்று ஏசுவைக் கேட்கிறார்கள். நீங்கள் குருடராகவே இருந்திருந்தால் உங்கள் மேல் பாவமில்லை, காண்கிறோம் என்று சொல்லுகிறீர்கள், அதனால் உங்கள் பாவம் அப்படியே இருக்கிறது என்று அவர் பதில் சொல்கிறார்.

"அத இன்னொருக்கா வாசி" என்றார் அப்பா.

வாசித்தேன். மூன்றாம் முறையும் கேட்டார். அதன்பின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கூடத்தில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். இந்த அழுகை அந்த மாதிரி இல்லை, சத்தமே வரவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு எதுவும் முழுசாக விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது, இனிமேல் நான் இரும வேண்டியிருக்காது.

மறுநாள் பாஸ்டர் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டபோது அவர் வேதத்தை எடுத்துப்போகவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்துப் பேசினார். "எனக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கும் தெரியல. நான் இங்க வாசிச்சது எல்லாம் எம்புள்ள சொல்லிக் குடுத்தது. ஒரு பொம்பளையோட கைய நான் பாக்காம மிதிச்சுட்டேன். பாத்தேன்னு கையெழுத்தும் போட்டுட்டேன். கர்த்தர் மேல குத்தமில்ல. அவரு பேரச் சொல்லி நான் என்னைய மறச்சுக்கிட்டேன். என் கண்ணாடியக் குடுங்க, நான் போறேன்."

பாஸ்டர் பக்கத்தில் வந்து மெதுவாக, "பிரதர், பிசாசுக்கு எடங்குடுக்காதீங்க. எம்புட்டு பேரு உங்களப் பாத்து விசுவாசிச்சிருக்காங்க, அவங்கள நெனச்சுப் பாருங்க" என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அப்பா பீரோவை நோக்கி நடந்தார். நடந்தார் என்ன, கீபோர்டு ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

எத்தனையோ தடவை விரலை வைத்துக் காட்டிய கண்ணாடி, அன்றைக்கு இரண்டாவது தட்டில் இல்லை. யாரோ துடைத்துவிட்டு மாற்றி அடுக்கியிருந்தார்கள். பழுப்புச் சட்டங்களே ஏழெட்டு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவின் முகத்தில் மாட்டினேன், அவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு "இது இல்ல" என்றார். கூடம் முழுக்க எங்களையே பார்த்தது. ஐந்தாவதோ ஆறாவதோ மாட்டியபோது அப்பா என் முகத்தைப் பார்த்தபடியே இருந்தார், பிறகு "ஏந்தாயி, இம்புட்டு மெலிஞ்சுபோயிட்ட" என்றார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை அப்போதுதான் பார்க்கிறார். நான் அங்கேயே உடைந்து அழுதேன்.

வெளியே கிளம்பத் திரும்பியபோது எனக்குத் தைலம் கொடுத்த பாட்டி எழுந்து வந்தார். யாருக்கும் கேட்காத குரலில், "பாப்பா, கீழ்த்தட்டுல ஒரு காது ஒடஞ்சு நூல் சுத்துன கண்ணாடி இருக்கும் பாரு, அதையும் எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன், முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்தார். அதன்பின் ஒரு தம்பதி. யாரும் யாரையும் பார்க்காமல், வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடுகிறவர்கள் மாதிரிக் குனிந்து தேடினார்கள். பாஸ்டர் அவசரமாகப் பாட்டை ஆரம்பிக்கச் சொன்னார், கீபோர்டு உச்சத்தில் முழங்கியது. நாங்கள் அந்தப் பாட்டுக்குள்ளேயே வெளியே வந்தோம். காய்ந்து கிடந்த தெப்பக்குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். திங்கட்கிழமை அப்பா முதலாளியிடம் போய்த் தன் கண்ணைப் பற்றிச் சொல்லி, அந்தக் கையெழுத்து செல்லாது என்று எழுதிக் கொடுத்தார். அன்றே வேலை போயிற்று. சரோஜா அக்காவுக்கு நஷ்டஈடு கிடைக்க அதற்குப் பிறகும் நான்கு வருஷம் அலைய வேண்டியிருந்தது, ஒவ்வொரு விசாரணைக்கும் அப்பா போய்த் தன்மேலேயே சொல்லிவிட்டு வந்தார். கண்ணாஸ்பத்திரியில், சொட்டுமருந்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் பார்வை தாங்கியிருக்கும் என்றார்கள். நான் கல்லூரி முடிப்பதற்குள் வெளிச்சம் இருட்டு என்கிற வித்தியாசமும் போய்விட்டது.

எல்லாவற்றையும்விட என்னால் மறக்க முடியாதது, அப்பா நேரில் போய்ச் சொன்னபோது சரோஜா அக்கா சொன்னதுதான். அவர் திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்துகொண்டு நானும் போயிருந்தேன். அவர் வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இம்புட்டு நாளா எம்மேலதான் தப்புன்னு அழுதேனே அண்ணே" என்றார். அதற்குப் பிறகு எங்களோடு பேசியதில்லை. சில வருஷங்களுக்கு முன் காலமானார். அப்பாவை அழைத்துப் போனேன். வாசலோரம் நின்றுவிட்டு வந்தோம், உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

இன்று அந்தக் கூடம் இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் கடை ஒன்று இருக்கிறது. தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது, படகு விடுகிறார்கள், கிரிக்கெட் ஆடிய பையன்களுக்கு என் வயது இருக்கும். அந்த பீரோ எங்கே போயிற்றோ, அதில் மீந்துபோன கண்ணாடிகளை யார் என்ன செய்தார்களோ தெரியாது. அம்மாவும் போய்விட்டார். அப்பா என்னோடு இருக்கிறார். அம்மாவின் பழைய கோயிலுக்கு வாராவாரம் வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார், நான் அதிகாரத்தின் கடைசிவரை வாசித்த அந்தச் சனிக்கிழமைதான் தனக்குக் கண் திறந்தது என்று நம்புகிறார். அந்தப் பேச்சைக் கேட்டாலே பல வருஷம் எனக்குக் கோபம் வரும். திறக்கிற கண்ணை இரண்டு வாரம் முன்னால் திறந்திருந்தால் சரோஜா அக்காவுக்கு விரல் இருந்திருக்குமே என்று கடவுளோடு சண்டை போட்டிருக்கிறேன். இப்போதும் போடுகிறேன், கோயிலுக்கும் போகிறேன்.

போன மாதம் அப்பாவை வெளியே கூட்டிப்போகக் கிளம்பும்போது அந்தப் பழுப்புநிறக் கண்ணாடியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தார். பார்வையே இல்லாதவருக்கு அது எதற்கு, ஒரு பக்கச் சில்லும் கீறல் விழுந்து கிடக்கிறது, வேண்டாமே என்றேன். அவர் விடாமல் தேடி எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இல்ல தாயி. எனக்குக் கண்ணு தெரியாதுன்னு எதுர வாரவுகளுக்குத் தெரியணும்ல."